வயலூர் தந்த பாடம்

இராயப்பேட்டையிலும் அதையடுத்த ஜாம்பஜாரிலும் மீன் வாங்கும் நம் தாய்மார்கள் தேர்ந்த பரிசோதகர்கள். செவுளைத் தூக்கிச் சிவப்பைப் பார்ப்பார்கள். சதையை விரலால் அழுத்துவார்கள். அழுகிய மீன் அவர்கள் கைக்குத் தப்புவது அரிது. ஆயினும், கண்ணுக்கும் மூக்குக்கும் பிடிபடாத நஞ்சும் கடலில் உண்டு. அவ்வுண்மையை நம் கரையோரச் சிற்றூர் ஒன்று உயிர்களைக் கொடுத்தே அறிந்தது.

கல்பாக்கத்தை அடுத்த வயலூரை, பல்லவர் வமிசாவளியைக் கூறும் தூண் கல்வெட்டால் வரலாற்று மாணவர் அறிவர். 1981ஆம் ஆண்டில் அவ்வூர் மருத்துவ ஏடுகளிலும் இடம்பெற்றது. மட்டியைச் சமைத்துண்டவர்களுள் 80க்கும் மேற்பட்டோர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டனர், மூவர் மாண்டனர்.

மட்டி இயல்பில் நஞ்சன்று. கடல்நீரில் மிதக்கும் நுண்ணிய பாசிகளுள் சில நஞ்சை உண்டாக்குகின்றன. நீரை வடித்து இரை கொள்ளும் மட்டி, அந்நஞ்சைத் தன் உடலில் சேர்த்து வைக்கிறது. உண்டவருக்கு முதலில் உதடும் நாவும் மரத்துப்போகும். பின் கைகால் தளரும். நஞ்சு மிகுந்தால் மூச்சு நின்றுவிடும். கொதிக்க வைத்தாலும் இந்நஞ்சு அழிவதில்லை. இதற்கு மாற்று மருந்தும் இல்லை. நஞ்சின் வேகம் தணியும்வரை செயற்கைச் சுவாசம் அளித்து உயிரைக் காப்பதே வழி.

இது நமக்கு மட்டும் நேர்ந்ததன்று. 1793இல் கனடாவின் மேற்குக் கரையை ஆராய்ந்த வான்கூவரின் மாலுமிகள் சிப்பிகளைத் தின்று நோயுற்றனர்; ஒருவர் இறந்தார். வயலூர்த் துயருக்குப் பதினாறு ஆண்டுகள் கழித்து, 1997இல், கேரளத்து விழிஞ்ஞத்தில் எழுவர் மாண்டனர். 500க்கும் மேற்பட்டோர் மருத்துவமனைகளை நாடினர்.

மட்டி முதலியவற்றை ஹனஃபிகள் உண்பதில்லை, ஷாஃபிஈகள் ஆகுமென்பர். உயிருக்குக் கேடு செய்வதை உண்ணலாகாது என்பதில் இரு மத்ஹபினரும் ஒன்றே. எனவே இது வழக்காட வேண்டிய செய்தியன்று. விழித்திருக்க வேண்டிய செய்தி.

விலை கொடுத்து மீன் வாங்க இயலாத எளியவர், கழிமுகத்தில் இறங்கித் தம் கையாலேயே மட்டியை எடுத்து வந்து உலை வைக்கின்றனர். அவர்களிடம் ஆய்வுக்கூடம் இல்லை. கடல்நீரையும் மட்டியையும் சோதித்து, நஞ்சு கண்ட நாட்களில் அவற்றை எடுக்கலாகாதென்று எச்சரிப்பது ஆட்சியாளர் கடமை. உண்டபின் உதடு மரத்தால் வீட்டு வைத்தியத்தில் பொழுதைக் கழிக்காது மருத்துவமனைக்கு விரைந்து, உண்டது இன்னதென்று சொல்வது நம் கடமை. வயலூரில் மாண்ட மூவரும் நமக்கு விட்டுச்சென்ற பாடம் இதுவே.