சுபாரு நான்கு சக்கர இயக்க வேகன்: பட்டறை மாற்றங்களின் வரலாறு

சுபாரு நான்கு சக்கர இயக்க வேகன், ஜப்பானின் ஃபூஜி ஹெவி இண்டஸ்ட்ரீஸ் நிறுவனம் 1972 முதல் விற்பனை செய்த கார் வகை. தார்ச்சாலைக்கென உருவான சாதாரண ஸ்டேஷன் வேகன் ஒன்றை, கார் விற்பனை நிலையம் ஒன்றின் பட்டறையில் மாற்றியமைத்ததிலிருந்து இவ்வகை தோன்றியது. பிற்காலத்தில் அமெரிக்காவிலும் ஆஸ்திரேலியாவிலும் இதன் உரிமையாளர்கள் தங்கள் வீட்டுப் பட்டறைகளில் இதை மேலும் மாற்றியமைத்தனர். ஸ்டேஷன் வேகன் என்பது கூரை பின்பக்கம் வரை நீண்டு, இருக்கைகளுக்குப் பின்னால் சாமான் வைக்கும் இடமும் பின்கதவும் கொண்ட குடும்பக் கார்.

பின்னணி

ஜப்பானின் வடகிழக்குப் பகுதி தொஹோகு எனப்படுகிறது. அதன் மேற்குக் கரை, உலகில் மிக அதிகமாகப் பனி பொழியும் இடங்களுள் ஒன்று. இப்பகுதிக்கு மின்சாரம் வழங்கும் தொஹோகு மின்சார நிறுவனத்தின் ஊழியர்கள் மலைகளினூடாகச் செல்லும் மின்தடங்களைக் கண்காணிக்க வேண்டியிருந்தது. ஈரப்பனி கம்பிகளில் படிந்து அவற்றை அறுக்கும். ஆகவே பாதைகள் மிக மோசமாக இருக்கும் நாட்களில்தான் பழுதுபார்ப்பவர்கள் மலையேற வேண்டியிருந்தது. மின்தடம் அறுந்தால் கடுங்குளிரில் ஊர்கள் இருளில் இருக்கும்.

இப்பணிக்கு ஜீப்புகள் பயன்பட்டன. அவை பனியில் சென்றன, ஆனால் உள்ளே குளிர் தாங்க முடியாததாக இருந்தது. நல்ல சாலையில் நீண்ட தூரம் செல்வதும் களைப்பூட்டியது. ஜீப்பைப் போல மலையேறி, காரைப் போல மனிதரைச் சுமக்கும் வண்டி ஒன்று தேவைப்பட்டது. அன்று சந்தையில் கிடைத்த நான்கு சக்கர இயக்க வண்டிகள் பெரும்பாலும் ராணுவ வண்டிகள் அல்லது லாரிகளின் வழி வந்தவை. 1949ல் அமெரிக்காவில் வெளிவந்த நான்கு சக்கர இயக்க வில்லிஸ் ஸ்டேஷன் வேகனும் ஜீப்பின் வழி வந்ததே.

செண்டாய் பட்டறை

மின்சார நிறுவனம் மியாகி மாகாணத்தின் சுபாரு விற்பனை நிலையமான மியாகி சுபாருவை அணுகியது. அதன் பட்டறை எஃப்எஃப்-1 1300ஜி என்னும் முன்சக்கர இயக்க வேகனைத் தேர்ந்தெடுத்தது. அக்காரின் அமைப்பு இதற்கு வசதியாக இருந்தது. சுபாரு 1966ல் வெளியிட்ட 1000 என்னும் காரிலிருந்தே, இருபுறமும் கிடைமட்டமாகப் படுத்த சிலிண்டர்களைக் கொண்ட எஞ்சினை வண்டியின் நீளவாக்கில் வைத்து, கியர்பாக்ஸை அதன் பின்னால் பொருத்தி வந்தது. கியர்பாக்ஸின் பின்முனை நேராக வண்டியின் பின்பக்கத்தை நோக்கியிருக்கும். அங்கிருந்து ஒரு ப்ரொபெல்லர் ஷாஃப்ட்டைக் கொண்டுசென்றால் பின்சக்கரங்களையும் சுழலச் செய்யலாம். எஞ்சின் குறுக்குவாக்கில் அமைந்த முன்சக்கர இயக்கக் கார்களில் இது இவ்வளவு எளிதல்ல.

சுபாருவிடம் இதற்குப் பொருத்தமான பாகங்கள் இல்லை. எனவே போட்டி நிறுவனமான நிசானின் புளூபேர்ட் காரிலிருந்து பின் ஆக்ஸில், டிஃபரன்ஷியல் பாகங்களை எடுத்துப் பொருத்தினர். பனியில் சோதித்தபோது அவ்வண்டி எதிர்பார்த்ததைவிட நன்றாகச் சென்றது.

தொழிற்சாலைத் தயாரிப்பு

இவ்வண்டியைக் கண்ட ஃபூஜி ஹெவி இண்டஸ்ட்ரீஸ், பணியைத் தன் கையில் எடுத்துக்கொண்டது. 1971 டோக்கியோ மோட்டார் கண்காட்சியில் 1300ஜி நான்கு சக்கர இயக்க வேகன் காட்சிக்கு வைக்கப்பட்டது. இவ்வகையில் எட்டு வண்டிகள் மட்டுமே உருவாயின. 1972 செப்டம்பரில் லியோனி எஸ்டேட் வேன் நான்கு சக்கர இயக்கத்துடன் விற்பனைக்கு வந்தது.

லியோனி வழக்கமாக முன்சக்கரங்களால் ஓடியது. ஓட்டுநர் தேவையானபோது ஒரு நெம்புகோலை நகர்த்திப் பின்சக்கரங்களை இணைத்துக்கொள்வார். முன் பின் ஆக்ஸில்களுக்கு இடையே டிஃபரன்ஷியல் இல்லாததால், உலர்ந்த சாலையில் பின்சக்கரங்களை இணைத்தபடி வளைவுகளில் திரும்பினால் பற்சக்கரங்களுக்குச் சேதம் ஏற்படும்.

அமெரிக்காவில் 1975ஆம் ஆண்டு மாடலாக இது அறிமுகமானது. விவசாயிகளும், மலைப்பகுதிகளில் வாழ்ந்தவர்களும், பனிச்சறுக்கு விளையாடுபவர்களும் இதை விரும்பி வாங்கினர்.

வீட்டுப் பட்டறைகளில்

1979ல் லியோனியின் இரண்டாம் தலைமுறை வந்தது. அதன் சில மாடல்களில் செங்குத்தான ஏற்றங்களுக்கு உதவும் குறைவேக கியர் தொகுதியும் இருந்தது. இவ்வண்டிகள் பழையனவாகி விலை குறைந்தபோது உரிமையாளர்களே அவற்றை மாற்றத் தொடங்கினர். முக்கியமான மாற்றங்கள் நான்கு.

முதலாவது, வண்டியை உயர்த்துவது. உடற்பகுதிக்கும் சஸ்பென்ஷனுக்கும் இடையே இரும்புக் கட்டைகள் வைக்கப்பட்டன. சக்கரங்களுக்குச் செல்லும் ஷாஃப்ட்டுகளின் கோணம் மாறாதிருக்க எஞ்சினையும் கியர்பாக்ஸையும் அதே அளவு தாழ்த்த வேண்டும். ஸ்டியரிங் தண்டையும் நீட்ட வேண்டும்.

இரண்டாவது, பெரிய சக்கரங்கள். சுபாரு சக்கரத்தின் நான்கு போல்ட்டுகள் 140 மில்லிமீட்டர் விட்டமுள்ள வட்டத்தில் அமைந்தவை. டொயோட்டா, நிசான் பிக்கப் வண்டிகளின் ஆறு போல்ட்டுகள் 139.7 மில்லிமீட்டர் வட்டத்தில் அமைந்தவை. ஆகவே எதிரெதிரே உள்ள இரண்டு துளைகளை அப்படியே வைத்துக்கொண்டு புதிதாக நான்கு துளையிட்டால் பிக்கப்பின் சக்கரம் பொருந்திவிடும்.

மூன்றாவது, பின் டிஃபரன்ஷியலின் உட்பற்சக்கரங்களை வெல்டிங் செய்து, இரு பின்சக்கரங்களும் எப்போதும் ஒரே வேகத்தில் சுழலச் செய்வது. சேற்றில் இது பயன்படும். தார்ச்சாலையில் டயர் தேய்வதுடன் ஷாஃப்ட்டும் முறியக்கூடும்.

நான்காவது, எஞ்சின் மாற்றம். சுமார் 70 குதிரைத்திறன் கொண்ட 1.8 லிட்டர் எஞ்சினுக்குப் பதிலாக, 1989ல் வந்த லெகஸி காரின் 2.2 லிட்டர் எஞ்சின் பொருத்தப்பட்டது. இரண்டின் போல்ட் அமைப்பும் வேறு என்பதால், பழைய கியர்பாக்ஸுடன் இணைக்க இடையே ஒரு தகடு தேவைப்பட்டது.

இம்மாற்றங்களில் ஆபத்துகளும் இருந்தன. உயர்த்திய வண்டி எளிதில் கவிழும். நீட்டிய ஸ்டியரிங் தண்டின் வெல்டிங் விட்டுப்போனால் வண்டி கட்டுப்பாட்டை இழக்கும். பெரிய சக்கரங்களைச் சிறிய பிரேக்குகள் நிறுத்தத் திணறும். ஆஸ்திரேலியாவில் குறிப்பிட்ட அளவுக்குமேல் உயர்த்திய வண்டிகளுக்குப் பொறியாளரின் சான்று தேவைப்படுகிறது.

வரலாற்று முக்கியத்துவம்

அமெரிக்காவில் ஏஎம்சி ஈகிள் 1979லும், ஐரோப்பாவில் அவுடி குவாட்ரோ 1980லும் வெளிவந்தன. சாதாரணக் கார்களில் நான்கு சக்கர இயக்கம் பரவலாவதற்கு முன்பே லியோனி அதைக் குடும்பக் கார் வாங்குவோரின் கைக்குக் கொண்டுவந்திருந்தது. 1990களின் நடுவில் சுபாரு அவுட்பேக் என்னும் உயரமான வேகனை வெளியிட்டது. வேகனைத் தரையிலிருந்து உயர்த்தும் வேலையை இப்போது தொழிற்சாலையே செய்து விற்றது. இவ்வரிசை முழுவதற்கும் தொடக்கம், குளிரில் நடுங்கிய மின்பணியாளர்களுக்காக ஒரு விற்பனை நிலையத்தின் மெக்கானிக்குகள் வேறொரு நிறுவனத்தின் பாகங்களைக் கொண்டு செய்த வண்டியே.