மாதா கோவில் படியில் கிடைத்த பெயர்

பொறியியல் முதலாண்டு படிக்கும் பேத்தி போன வாரம் போனில் கேட்டாள்: "தாத்தா, டி அலெம்பர்ட்னு ஒருத்தரோட கொள்கை மெக்கானிக்ஸ்ல வருது. யார் அவர்?" எனக்கு முதலில் பிடிபடவில்லை. எழுத்துக்கூட்டிச் சொன்ன பிறகுதான், "அட, நம்ம தலாம்பேர்!" என்றேன்.

புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்த எங்களுக்கு அவர் பழைய சிநேகிதர். இயற்கணிதத்தின் அடிப்படைத் தேற்றம் என்று மற்றவர்கள் சொல்வதை பிரெஞ்சுப் புத்தகங்கள் தலாம்பேர் தேற்றம் என்றே சொல்லும். 1746-இல் அவர் அதற்கு ஒரு நிரூபணம் எழுதினார். அதில் ஓட்டை இருந்தது, ஆனாலும் பெயர் நின்றுவிட்டது. தேற்றத்தை மனப்பாடம் செய்தோமே தவிர, ஆளின் கதை எனக்குத் தெரியவந்தது வேலைக்குப் போய்ப் பல வருடம் கழித்துத்தான். பேத்திக்குச் சொன்னதை இங்கேயும் எழுதி வைக்கிறேன்.

1717 நவம்பர். பாரீசில் நோத்ர் தாம் பேராலயத்தை ஒட்டி, சேன் ழான் லெ ரோன் என்று ஒரு சின்னக் கோவில் இருந்தது. அதன் படியில் ஒரு பச்சைக்குழந்தையைப் போட்டுவிட்டுப் போயிருந்தார்கள். கோவிலின் பெயரையே குழந்தைக்கு வைத்து ஞானஸ்நானம் கொடுத்தார்கள்: ழான் லெ ரோன். பெற்றவள் மதாம் தெ தான்சேன், பெரிய இடத்துச் சீமாட்டி. அவள் வீட்டில் கூடாத அறிஞர்கள் இல்லை. தகப்பன் தெத்தூஷ் என்ற பீரங்கிப்படை அதிகாரி. அப்போது அவர் ஊரில் இல்லை. திரும்பி வந்து குழந்தையைத் தேடிப் பிடித்து, ரூசோ என்ற கண்ணாடி வேலைக்காரரின் மனைவியிடம் வளர்க்கக் கொடுத்தார். 1726-இல் அவர் இறந்தபோது பையனுக்கு ஆண்டுக்கு 1,200 லிவ்ர் வரும்படி எழுதி வைத்திருந்தார். பணம் கொடுத்தார், பெயரைக் கொடுக்கவில்லை.

மசரேன் கல்லூரியில் சேர்த்தபோது பதிவேட்டில் தராம்பேர் என்று ஒரு பெயர் எழுதினார்கள். அதுவே பிறகு தலாம்பேர் ஆயிற்று. உலகம் முழுக்கப் பாடப்புத்தகத்தில் இருக்கிற பெயர், தகப்பன் பெயரும் இல்லை, தாய் பெயரும் இல்லை.

சட்டம் படித்தார், கொஞ்சம் வைத்தியம் படித்தார், இரண்டையும் விட்டுக் கணக்குக்கு வந்தார். 1741-இல் அறிவியல் அகாதெமியில் இடம். 1743-இல், இருபத்தாறு வயதுகூட நிரம்பாதபோது, இயக்கவியல் பற்றிய அவருடைய முதல் பெரிய நூல் வந்தது. பேத்தியின் பாடத்தில் இருப்பது அதிலிருந்து வந்ததுதான். எழுத்தர் பாஷையில் சொல்கிறேன். ஓடுகிற பொருளின் மேல் என்னென்ன விசைகள் என்று ஒரு பக்கம் எழுதுங்கள். அதன் வேகமாற்றத்தையும் எதிர்த்திசையில் ஒரு விசை மாதிரி மறுபக்கம் எழுதிவிடுங்கள். வரவும் செலவும் நேராகிவிடும். ஓடுவதை நிற்பதுபோல வைத்துக் கணக்குப் போடலாம். 1747-இல் இன்னொன்று செய்தார். மீட்டிய தந்தி எப்படி அதிர்கிறது என்பதற்குச் சமன்பாடு எழுதி, அந்த அதிர்வு இடமும் வலமும் போகிற இரண்டு அலைகளின் கூட்டு என்று காட்டினார். தீதரோவோடு சேர்ந்து கலைக்களஞ்சியத்தை நடத்தியவரும் அவர்தான். 1751-இல் வந்த முதல் தொகுதிக்கு முன்னுரை அவருடையது.

இவ்வளவு புகழும் வந்தபோது அவர் எங்கே குடியிருந்தார் தெரியுமா? அதே கண்ணாடிக்காரர் வீட்டில், ஒரு சின்ன அறையில். நாற்பத்தேழு வயதுவரை. பிரஷ்ய மன்னர் பிரெடெரிக் பெர்லின் அகாதெமிக்குத் தலைவராக வரச்சொன்னார், போகவில்லை. ருஷ்ய அரசி காத்தரீன் 1762-இல் தன் மகனுக்கு ஆசிரியராக வரச்சொல்லி ஆண்டுக்கு 1,00,000 லிவ்ர் தருவதாகச் சொன்னார், அதற்கும் போகவில்லை. மகன் பெரிய ஆளானதும் பெற்றவள் உறவு கொண்டாட வந்ததாகவும், என் அம்மா கண்ணாடிக்காரர் பெண்சாதிதான் என்று அவர் சொல்லிவிட்டதாகவும் ஒரு கதை உண்டு. அந்த அம்மாவுக்கோ மகன் என்ன எழுதுகிறான் என்றே புரியாது. செத்தபிறகு நாலு பேர் பேசவேண்டும் என்று உயிரோடு இருக்கும்போது இப்படி உடம்பைக் கெடுத்துக்கொள்கிறானே என்று அலுத்துக்கொள்வாளாம். 1765-இல் பெரிய நோய் வந்த பிறகுதான் அவர் அந்த வீட்டை விட்டார்.

அவர் செய்த ஒரு தப்பையும் சொல்லவேண்டும். நாணயத்தை இரண்டு முறை சுண்டினால் ஒரு தடவையாவது தலை விழ என்ன வாய்ப்பு? நாலில் மூன்று என்று இன்று பள்ளிப் பிள்ளைகள் சொல்வார்கள். 1754-இல் கலைக்களஞ்சியத்தில் தலாம்பேர் மூன்றில் இரண்டு என்று எழுதினார். முதலிலேயே தலை விழுந்தால் ஆட்டம் முடிந்தது. பூவுக்குப் பின் தலை. பூவுக்குப் பின் பூ. மூன்று வரிதானே என்றார். ஆனால் முதல் வரி மற்ற இரண்டையும் சேர்த்த அளவு கனமானது. மூன்று வரி இருப்பதால் மூன்றும் ஒரே எடை என்று எண்ணிவிட்டார்.

அந்தத் தப்பை நானும் செய்திருக்கிறேன், கணக்கில் அல்ல. 1980-களில் சில காலம் பிறப்புச் சான்றிதழ் மேசையில் உட்கார்ந்திருந்தேன். இட்லிக்கடை வைத்திருந்த ஒரு அம்மா ஆறேழு வயதுப் பையனோடு வந்தார். பள்ளிக்கூடத்தில் சேர்க்க சான்றிதழ் வேண்டும். தந்தை பெயர் தெரியாது, தாய் பெயர் தெரியாது.

"நீங்க யாரும்மா பையனுக்கு?"

"நான்தாங்க ஐயா வளர்க்கிறேன். கைக்குழந்தையில இருந்து."

"அதுக்கு இதுல கட்டம் இல்லையேம்மா" என்று சொல்லி, நீதிமன்றத்துக்குப் போய் உத்தரவு வாங்கி வரும்படி அனுப்பினேன். பையன் மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டு என் ரப்பர் ஸ்டாம்பையே பார்த்துக்கொண்டு நின்றான். விதிப்படி நான் சொன்னது சரி. எந்த நீதிமன்றம், யாரைப் பார்ப்பது என்று ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதிக் கொடுத்திருக்கலாம். ஐந்து நிமிட வேலை. எழுதவில்லை. படிவத்தில் காலியாக இருந்த இரண்டு கட்டங்கள்தான் என் கண்ணில் பட்டன. எதிரில் நின்ற அம்மா படவில்லை. சில வருடம் கழித்துத் தலாம்பேர் வாழ்க்கையைப் படித்தபோது, மதாம் ரூசோ வருகிற பக்கத்தில் புத்தகத்தை மூடி வைத்துவிட்டேன்.

தலாம்பேர் 1783 அக்டோபர் 29 அன்று இறந்தார். நாத்திகர் என்பதால் கோவில் முறைப்படி அடக்கம் இல்லை. கல்லறையில் பெயரும் இல்லை.

இதையெல்லாம் கேட்டுவிட்டு, "பரீட்சைக்கு இதெல்லாம் வராது தாத்தா" என்று பேத்தி சிரித்தாள். போனை வைக்கப் போனவள் திரும்பக் கேட்டாள்:

"அந்தப் பையன் ஸ்கூல்ல சேர்ந்தானா?"

அந்த அம்மா மறுபடி என் மேசைக்கு வரவேயில்லை என்று சொன்னேன்.