மாத்தளைச் சுவாமியும் அவர்தம் அடியார்களும்

ஆண்டு மலர் என்றால் நம் ஊர் ஆலயங்களைப் பற்றியும், அறப்பணி செய்த பெரியார்களைப் பற்றியும் எழுதுவதே வழக்கம். இம்முறை, நம் ஊரிற் பிறந்து, நம்மவர் பலரால் தெய்வமென வணங்கப்பட்டு, ஈற்றிலே சிறைக் கைதியாக உயிர் நீத்த ஒருவரைப் பற்றி எழுதத் துணிந்தேன். அவர் கையால் விபூதி வாங்கிப் பூசிய பெரியோர்கள் இன்றும் நம்மிடையே இருத்தல் கூடும். அவர்தம் மனம் நோகுமாயின் பொறுத்தருள வேண்டுகிறேன்.

பிரேமானந்தா 1951 நவம்பர் 17 ஆம் திகதி மாத்தளையிற் பிறந்தவர், இயற்பெயர் பிரேம்குமார். வெறுங்கையிலே விபூதி வருவித்தல், மகாசிவராத்திரி இரவில் வாயினின்று இலிங்கம் வெளிப்படுத்தல் முதலிய சித்துக்களால் இளமையிலேயே பெயர் பெற்றார். 1972 இல் மாத்தளையில் ஆச்சிரமம் அமைத்தபோது வயது இருபது, இருபத்தொன்று. பல்கலைக்கழக விரிவுரைக்குப் பஸ் பிடித்து ஓடும் எம்போன்றோரின் வயது!

அத்துணை இளையவரை முதியோரும் வீழ்ந்து வணங்கியது ஏன்? அக்காலத்தை நினைவிற் கொள்ளல் வேண்டும். 1964 இன் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தால் தோட்டக் குடும்பங்கள் கப்பலேறிக்கொண்டிருந்தன. 1972 முதல் 1975 வரை தோட்டங்கள் அரசுடைமையாயின. இடையே உணவுப் பஞ்சம் வேறு. நாளை எந்நாட்டில் இருப்போம் என்றறியாத சனங்களுக்கு, தம் ஊரிலேயே, தம் மொழியிலேயே பேசும் ஒரு சுவாமி கிடைத்தார். அவர் அநாதைப் பிள்ளைகளையும் பராமரித்தார். இந்நிலையில் அவரை நம்பியோரைப் பேதையர் என்று ஏளனஞ் செய்தல் எளிது, நியாயமன்று.

1983 யூலைக் கலவரத்திலே முத்துமாரியம்மன் ஆலயத் தேர் எரிந்தது. சுவாமியின் ஆச்சிரமமும் அழிந்தது. 1984 இல் அவர் பிள்ளைகளையும் அடியார் சிலரையும் அழைத்துக்கொண்டு தமிழ்நாடு சென்றார். திருச்சிராப்பள்ளிக்கு அணித்தாக, புதுக்கோட்டை மாவட்டத்துப் பாத்திமா நகரில் 1989 இல் புதிய ஆச்சிரமம் திறக்கப்பட்டது. மேனாட்டு அடியார்களும் வந்து சேர்ந்தனர். ஈழத்துப் பிள்ளைகளுக்கோ அவ்வேலிக்கு வெளியே உறவினர் எவருமிலர். குரு, தந்தை, சோறிடுவோன் மூன்றும் ஒருவரே.

1994 நவம்பரில் அங்கிருந்து தப்பியோடிய ஒரு பெண் வாய் திறந்தாள். பொலிசார் உட்புகுந்தனர். பதின்மூன்று பெண்கள் பாலியல் வன்கொடுமைக்கு ஆளானமையும், ஆச்சிரமத்தில் தங்கியிருந்த ரவி என்ற இலங்கைப் பொறியியலாளர் கொல்லப்பட்டு ஆச்சிரம எல்லைக்குள்ளேயே புதைக்கப்பட்டமையும் வழக்காயின. சுவாமிக்காக வாதாடியவர் இந்தியாவின் பெயர்பெற்ற வழக்கறிஞர் ராம் ஜெத்மலானி. கருவுற்ற பெண் ஒருத்தியின் கருவை ஐதராபாத் ஆய்வுநிலையத்தார் மரபணுச் சோதனை செய்து, தந்தை இன்னார் என்றனர். அதனை மறுக்க இங்கிலாந்திலிருந்து ஒரு நிபுணர் வரவழைக்கப்பட்டார். நீதிமன்றம் அவர் கூற்றை ஏற்கவில்லை. 1997 ஆகஸ்ட் 20 இல் புதுக்கோட்டை நீதிபதி ஆர். பானுமதி இரட்டை ஆயுட்தண்டனையும் ஏறத்தாழ 67 இலட்சம் ரூபாய் அபராதமும் விதித்தார். சென்னை உயர் நீதிமன்றம் 2002 இலும், இந்திய உச்ச நீதிமன்றம் 2005 இலும் அத்தீர்ப்பை உறுதி செய்தன. 2011 பெப்ரவரி 21 இல் பிரேமானந்தா கடலூரில் காலமானார்.

அடியார்கள் யாது செய்தனர்? பலர் இன்றுவரை அவரை நிரபராதி என்றே கொள்கின்றனர். ஆச்சிரமத்தில் வழிபாடும் நடைபெறுகிறது. இலங்கை உச்ச நீதிமன்றத்தின் முன்னாள் நீதியரசர் க. வி. விக்கினேஸ்வரன் அவர்களும் சுவாமியின் அடியாரே. வட மாகாண முதலமைச்சராயிருந்த 2014 இல், சுவாமியோடு தண்டனை பெற்றோரை விடுவிக்குமாறு அவர் இந்தியப் பிரதமருக்குக் கடிதம் எழுதினார். சான்றுகளை நிறுத்துப் பார்த்தே பழகிய ஒருவரின் நிலை இதுவாயின், சாதாரண அடியாரைப் பற்றிச் சொல்லவேண்டியதில்லை. வேறு சிலர் படத்தைப் பூசையறையினின்று சத்தமின்றிக் கழற்றியிருப்பர். அதுவும் ஒரு தீர்ப்புத்தான்; ஆனால் எவர் காதிலும் விழாத தீர்ப்பு.

இவ்விடயம் பேசப்படும்போதெல்லாம், விபூதி மெய்யோ கைவித்தையோ என்ற தர்க்கத்திலேயே பேச்சு முடிந்துவிடுகிறது. என் கருத்தில் அது வீண் தர்க்கம். விபூதி மெய்யாகவே வானத்தினின்று வந்ததென்று வைத்துக்கொள்வோம். அதனால் அப்பெண்களின் வழக்கில் ஓரெழுத்தேனும் மாறுமோ? அநாதைகளுக்குச் சோறிட்டாரே என்பாரும் உளர். இட்டார், மெய்தான். அச்சோற்றுக்கு வேறு போக்கிடம் இல்லாமையாலன்றோ அப்பிள்ளைகள் அத்தனை காலம் வாய் திறக்க அஞ்சினர்!

மிஷன் பாடசாலையிற் பயின்றவன் யான். இக்கதையைச் சொல்லி நம் சமயத்தையே பழிப்போரைக் கண்டதுண்டு. கத்தோலிக்கத் துறவியர் நடத்திய பிள்ளைகள் இல்லங்களின் கொடுமைகளை அயர்லாந்து அரசின் ஆணைக்குழு 2009 இல் பல தொகுதிகளாக வெளியிட்டதை அவர்கட்கு நினைவூட்டுவேன். கதவு பூட்டிய இல்லத்தில் எச்சமயத்துப் பிள்ளையும் ஒன்றே.

குருவைச் சோதித்தல் பாவமென்று நம் வீடுகளிற் சொல்வதுண்டு. சுவாமி விவேகாநந்தர் இளைஞராயிருந்தபோது, தம் குரு காசைத் தீண்டமாட்டார் என்பது மெய்தானா என்றறியப் படுக்கையின்கீழே நாணயம் ஒன்றை ஒளித்து வைத்தார். இராமகிருஷ்ணர் சினந்தாரல்லர், நன்கு சோதித்தே ஏற்றுக்கொள் என்றார் என்பது வரலாறு. அந்த விவேகாநந்தர் 1897 சனவரியில் கண்டியிலிருந்து நம் மாத்தளை வழியாகவே யாழ்ப்பாணம் சென்றார். தம்புள்ளைக்கு அப்பால் வண்டிச் சக்கரம் உடைந்து வழியில் நிற்க நேர்ந்த கதையைச் சுவைபடச் சொல்லும் நாம், நாணயக் கதையை மட்டும் ஏனோ பிள்ளைகளுக்குச் சொல்வதில்லை.

ஈண்டு மறக்கலாகாத ஒன்றுண்டு. பாத்திமா நகரிலே சுவாமியை முதன்முதல் மறுமதிப்பீடு செய்தவர் நீதிபதியுமல்லர், பத்திரிகையாளருமல்லர். அவரைத் தெய்வமென்றே கேட்டு வளர்ந்த பிள்ளைகளே. வீடு எரிந்து, நாடு கடந்து, அடைக்கலம் புகுந்த இடத்திலேயே கெடுக்கப்பட்டு, பின்னர் அந்நிய நீதிமன்றத்திலே பெருவழக்கறிஞர்களின் குறுக்கு விசாரணைக்கு நின்று விடை கூறினர். பெரியவர்கள் செய்யாததைச் சிறியவர்கள் செய்தனர். இன்று அவர்கள் நடுத்தர வயதினர்; நம் தாய்மார், சிறிய தாய்மார் வயது.

மாத்தளை இந்துக்களின் வரலாற்றை நம் சங்கத்தார் தொகுக்க முற்படின், 1972 இன் ஆச்சிரமமும் 1983 இன் தீயும் அதில் இடம்பெறும். அங்கே பேனாவை மூடிவிடாது புதுக்கோட்டை வரை செல்லல் வேண்டும். ரவி என்ற பெயரை எழுதலாம். அப்பெண்களின் பெயர்களைச் சட்டம் மறைத்துள்ளது; மறைத்ததே முறை. பதின்மூவர் என்றாவது ஒரு வரி இருக்கட்டும்.