உங்கள் ஆவணம் எந்தக் கோப்புறையில் இருக்கிறது?

கடந்த ஆண்டு, காணாமல் ஆக்கப்பட்டோரின் குடும்பங்களிடமிருந்து ஆவணங்களைத் திரட்டிவரும் சிறு குழுவொன்று, தமது இணையத்தளத்தைப் பார்த்துக் கருத்துச் சொல்லுமாறு என்னைக் கேட்டது. முறைப்பாட்டுப் பிரதிகள், அடையாள அட்டைப் பிரதிகள், கடிதங்கள், பழைய படங்கள் எல்லாம் அதில் இருந்தன. உள்ளே செல்லத் தளம் கடவுச்சொல் கேட்டது. நான் ஒரு படத்தின் முகவரியைக் குறித்துக்கொண்டு, கணக்கிலிருந்து வெளியேறி, வேறொரு கைபேசியில் அதே முகவரியைத் தட்டினேன். படம் திறந்தது. மகனைத் தேடும் தாயின் பெயரே அந்தக் கோப்பின் பெயராக இருந்தது.

தளத்தை யாரும் உடைக்கவில்லை. கோப்பு தவறான கோப்புறையில் இருந்தது, அவ்வளவுதான்.

நான் படித்தது ஊடகக் கற்கை. நிரலாக்கம் வேலைக்காகப் பழகிக்கொண்டது. ஆனாலும் கோப்புறைகளின் ஒழுங்கைப் புரிந்துகொள்ளப் பொறியியல் பட்டம் தேவையில்லை. அந்தத் தளம் லாரவெல் என்ற சட்டகத்தில் கட்டப்பட்டிருந்தது. டெய்லர் ஒட்வெல் என்பவர் 2011இல் வெளியிட்ட இந்த இலவசச் சட்டகம் பிஎச்பி மொழியில் இயங்குகிறது. அதையே இங்கு உதாரணமாகக் கொள்கிறேன்.

முன்வாசல்: பப்ளிக்

லாரவெல் திட்டமொன்றைத் திறந்தால் பல கோப்புறைகள் தெரியும். அவற்றில் வெளியுலகம் நேரடியாகத் தொடக்கூடியது ‘பப்ளிக்’ மட்டுமே. தளத்தின் சின்னம், பக்க அலங்காரக் கோப்புகள் போன்று எவரும் பார்க்கலாம் என்பவையே இங்கு இருக்க வேண்டும். மற்றக் கோரிக்கைகள் எல்லாம் இங்குள்ள ‘இன்டெக்ஸ்.பிஎச்பி’ என்ற ஒரே கோப்பினூடாக உள்ளே செல்லும்.

குழுவின் தளத்தில் தவறு நேர்ந்தது இங்கேதான். பப்ளிக்கில் கிடக்கும் ஒரு படத்தைக் கேட்டால், சேவையகம் லாரவெலிடம் எதுவும் கேட்காமல் அதை எடுத்துக் கொடுத்துவிடும். கடவுச்சொல்லைச் சரிபார்க்கும் நிரலோ லாரவெலுக்குள் இருக்கிறது. முகவரியை அறிந்தவருக்கு அந்தப் பூட்டு ஒரு தடையே அல்ல.

உள்ளே வேலை நடக்கும் இடங்கள்

எந்த முகவரிக்கு எந்த நிரல் பதில் சொல்லும் என்பதை ‘ரூட்ஸ்’ வைத்திருக்கிறது. அந்த நிரல்கள் ‘ஆப்’பில் உள்ளன. பக்கங்களின் வார்ப்புகள் ‘ரிசோர்சஸ்’இல் இருக்கின்றன. தரவுத்தள அட்டவணைகளை உருவாக்கும் நிரல்கள் ‘டேட்டாபேஸ்’இல் இருக்கின்றன. அங்கே இருப்பது பெரும்பாலும் அட்டவணைகளின் அமைப்புதான் என்பதைக் கவனியுங்கள். குடும்பங்கள் தந்த விபரங்கள் பெரும்பாலும் தனியாக இயங்கும் தரவுத்தளத்தில் இருக்கும்.

ஆவண அறை: ஸ்டோரேஜ்

மக்கள் தந்த கோப்புகள் இருக்க வேண்டிய இடம் ‘ஸ்டோரேஜ்’. பிரதேச செயலகத்தில் நாம் நேரே ஆவண அறைக்குள் போவதில்லை. எழுதுவினைஞர் நம்மை விசாரித்துவிட்டு எடுத்துத் தருவார். இங்கும் அப்படியே. கேட்பவருக்கு அனுமதி உண்டா என்று நிரல் பார்த்த பிறகே கோப்பு வெளியே வரும்.

ஓர் எச்சரிக்கை. ஸ்டோரேஜுக்குள்ளும் ‘பப்ளிக்’ என்றொரு உட்கோப்புறை உண்டு. அது வழமையாக முன்வாசலுடன் இணைக்கப்படும். எனவே தனிப்பட்ட ஆவணங்கள் அதற்குள் போகக்கூடாது. அண்மைய பதிப்புகளில் இவற்றுக்கென்றே ‘பிரைவேட்’ என்ற உட்கோப்புறை இருக்கிறது.

கோப்பின் பெயரும் முக்கியம். லாரவெலின் வழமையான முறை, தரவேற்றும் கோப்புக்கு எழுத்துகளும் எண்களும் கலந்த புதுப்பெயரொன்றை இடுவது. குழுவுக்குத் தளம் செய்தவர் அதை மாற்றி ஆட்களின் பெயரையே வைத்திருந்தார். தேட இலகு என்று நினைத்திருப்பார். தேடலுக்கான பெயரைத் தரவுத்தளத்தில் வைத்தால் போதும்.

சாவிக் கொத்து: ‘.என்வ்’

தரவுத்தளக் கடவுச்சொல்லும் மறையாக்கச் சாவியும் ‘.என்வ்’ என்ற சிறு கோப்பில் இருக்கின்றன. புள்ளியில் தொடங்குவதால் பல கணினிகளில் இது கண்ணுக்குத் தெரியாது. மலிவான வாடகைச் சேவையகங்களில் முழுத் திட்டத்தையும் ‘பப்ளிக்_எச்டிஎம்எல்’ கோப்புறைக்குள் கொட்டிவிடுபவர்கள் உண்டு. அப்போது இந்தக் கோப்பும் தெருவுக்கு வந்துவிடலாம். திட்டம் அதற்கு வெளியே இருக்க வேண்டும். தளத்தின் முகவரி பப்ளிக் கோப்புறையை மட்டுமே சுட்ட வேண்டும்.

எது திரும்பக் கிடைக்கும்?

‘வென்டர்’ கோப்புறை மற்றவர்கள் எழுதிய நிரல்களால் நிறைந்தது. பெரிதாக இருக்கும், அழிந்தாலும் ஒரு கட்டளையில் மீள இறக்கிக்கொள்ளலாம். நமது நிரல்களைக் ‘கிட்’ என்ற பதிப்புக் களஞ்சியம் காக்கும். ஆனால் ஸ்டோரேஜில் உள்ள ஆவணங்களும் ‘.என்வ்’ கோப்பும் வழமையாகக் கிட்டுக்குள் போவதில்லை. தரவுத்தளமும் அப்படியே. “கிட்டில் எல்லாம் இருக்கு” என்று யாராவது சொன்னால் நம்பிவிட வேண்டாம். மீளப் பெற முடியாதவை இந்த மூன்றும்தான். மறையாக்கச் சாவி தொலைந்தால், அதனால் பூட்டப்பட்ட தரவை நாமே வாசிக்க முடியாது.

எனவே தளம் செய்து தருபவரிடம் நான்கு கேள்விகளைக் கேளுங்கள்:

1. தரவேற்றிய கோப்புகள் எந்தக் கோப்புறையில் இருக்கின்றன?
2. கணக்கிலிருந்து வெளியேறிய பின் அவற்றின் முகவரி திறக்கிறதா?
3. ‘.என்வ்’ கோப்பு எங்கே இருக்கிறது, யாரிடம் பிரதி உண்டு?
4. ஸ்டோரேஜும் தரவுத்தளமும் கடைசியாக எப்போது பிரதி எடுக்கப்பட்டன, அதிலிருந்து மீட்டுப் பார்த்தீர்களா?

அந்தக் குழு கோப்புகளை இடம் மாற்றியது, பெயர்களை மாற்றியது, கடவுச்சொற்களையும் மாற்றியது. குடும்பங்களுக்குச் சொல்வதா என்று நீண்ட நேரம் வாதம் நடந்தது. இறுதியில் சொன்னார்கள். யாராவது பார்த்திருப்பார்களா என்ற கேள்விக்கு உறுதியான பதில் எங்களிடம் இருக்கவில்லை.

ஒரு தாய் மட்டும் தன் கடதாசிகள் இப்போது எங்கே இருக்கின்றன என்று கேட்டார். இடம்பெயர்வின்போது அவற்றைச் சொப்பின் பையில் சுற்றித் தூக்கித் திரிந்தவர் அவர். கணினியைத் திருப்பி, கோப்புறையைத் திறந்து காட்டினோம்.