பொன்முகக் கடிகாரமும் காலத்தின் சாயலும்

பெங்களூரின் தொழிற் பெருமைகளை எண்ணுங்கால் எச்.எம்.டி. கைக்கடிகாரத்தை நாம் மறத்தல் இயலாது. 1953-ஆம் ஆண்டில் நிறுவப்பெற்ற இந்துஸ்தான் மெஷின் டூல்ஸ், பின்னர் ஜப்பானின் சிட்டிசன் நிறுவனத்தாரின் துணையோடு இந்நகரில் கடிகாரத் தொழிலைத் தொடங்கிற்று. முதற் கடிகாரங்களை 1961-இல் பிரதமர் நேரு வெளியிட்டார். ‘ஜனதா’ எளியோர் கையிலும் ஏறியது. பொன்னெனப் பொருள்படும் ‘காஞ்சன்’ மணமகனுக்குரிய சீராக விரும்பப்பெற்றது. 2016-இல் அரசு இக்கடிகார நிறுவனத்தை மூட முடிவு செய்தது.

இன்று அக்கடிகாரங்களைத் தேடிச் சேகரிப்போர் பலர். பித்தளை முகப்பின்மேல் பூசிய மெருகு ஒளியாலும் ஈரத்தாலும் நாளடைவில் பழுத்து நிறம் மாறுகிறது. இதனை அழுக்கென்று கருதிப் புதுவண்ணம் தீட்டுவிப்போர் உளர். அங்ஙனம் செய்யின் ஆலையில் பொறித்த எழுத்தும், சேகரிப்போர் தரும் மதிப்பும் ஒருங்கே அழியும், அழிந்தபின் மீளா.

ஆதலின், நம் இல்லப் பேழைகளில் தந்தையரின் கடிகாரம் உறங்குமாயின், உட்பொறியைத் துடைத்து எண்ணெயிடச் செய்வோம், முகப்பைத் தொடாதிருப்போம். ஆலைச் சங்கு ஒலிக்குமுன் அவர்கள் நாடோறும் நோக்கிய முகம் அதுவேயன்றோ!