குறைந்த கட்டண அழைப்புத் தடம் (பேராக்)

அழுத்தப்படும் எண்ணின் முதல் இலக்கங்களைப் பார்த்து, அந்த அழைப்புக்கு மலிவான இணைப்பை அலுவலகத் தொலைபேசி அமைப்பே தேர்ந்தெடுக்கும் முறை. சாதாரணத் தொலைபேசி, இணையவழி இணைப்பு, சிம் அட்டை பொருத்திய கருவி என ஒன்றுக்கு மேற்பட்ட வழிகள் உள்ள அலுவலகத்துக்கே இது பயன்படும்.

மலேசியாவில் முதல் இலக்கங்கள் 03 என்றால் கோலாலம்பூர், சிலாங்கூர். 04 பினாங்கு, கெடா, பெர்லிஸ். 01-இல் தொடங்குபவை பெரும்பாலும் கைத்தொலைபேசிகள். பேராக் மாநிலத்தின் ஈப்போ, சுங்கை சிப்புட், தெற்கே தஞ்சோங் மாலிம், எல்லாமே 05. பகாங் மாநிலத்துக் கேமரன் மலைக்கும் அதே 05தான்! ஆகவே மாநில வரைபடத்தைப் பார்த்து, எந்த எண் எந்த இணைப்பில் போகும் என்ற விதியை எழுதக்கூடாது. எண் பட்டியலைத்தான் பார்க்க வேண்டும்.

ஆஸ்டெரிஸ்க் போன்ற தொலைபேசி அமைப்பு மென்பொருளில், 05-ஐ அடுத்து ஏழு இலக்கங்கள் வந்தால் எந்த இணைப்பில் அனுப்புவது என ஒரே வரியில் எழுதிவிடலாம். ஈப்போக்காரர்கள் உள்ளூர் எண்ணை ஏழு இலக்கமாகவே அழுத்துவதும் உண்டு. அதற்கு முன்னால் 05 சேர்த்தனுப்பத் தனி விதி தேவை; புதிதாக அமைப்பவர்கள் மறப்பது இதைத்தான்.

முதல் இணைப்பு அடைபட்டிருந்தால் அடுத்தது எது என்பதையும் குறிக்க வேண்டும்.

அவசர எண் 999-க்குக் கட்டணக் கணக்கே கூடாது. அதன் விதி எல்லாவற்றுக்கும் மேலே நின்று, அழைப்பை நேரே உள்ளூர்த் தொலைபேசி இணைப்புக்கு அனுப்ப வேண்டும்.