தொகுப்பின் முதற்பாடல்

லண்டனின் 'மேட்னஸ்' குழு தன் பெயரை ஜமைக்கப் பாடகர் பிரின்ஸ் பஸ்டரின் பாடலொன்றிலிருந்து பெற்றது. 1979இல் வெளியான அதன் முதல் இசைத்தட்டும் அவருக்கான காணிக்கையே. ஆகவே அக்குழுவின் பாடல்களைக் காலவரிசையில் தொகுப்போர், ஸ்கா இசையின் கரீபிய வேரிலிருந்தே தொடங்க நேர்கிறது.

தமிழ்ப் பொப்பிசைக்கு அத்தகைய வாய்ப்பு எளிதில் அமைவதில்லை. போர்த்துக்கீசிய, ஆப்பிரிக்கக் கலப்பில் இலங்கையில் உருவான பைலாவின் தாளத்தில் ஏ. ஈ. மனோகரன் பாடிப் பரப்பிய 'சுராங்கனி', 1977இல் இளையராஜா இசையமைத்த 'அவர் எனக்கே சொந்தம்' திரைப்படத்திலும் இடம்பெற்றது. திரைப்பாடல் தொகுப்புகள் படத்தின் பெயரையும் இசையமைப்பாளரையுமே முதன்மைப்படுத்துவன. அவ்வரிசையில் பைலாவுக்கு இடமில்லை. தொகுப்பின் முதற்பாடலைத் தெரிந்தெடுப்பவரே மரபின் தொடக்கத்தையும் தீர்மானிக்கிறார். மனோகரனின் ஒலிப்பதிவை முதலில் வைத்துத் தொகுத்தால்தான், அப்பாடல் கடல் கடந்து வந்த வழி மாணவருக்குப் புலப்படும்.